மறுமொழி மறுக்கும் பாவம்

ஒவ்வொரு திருப்பலியின் தொடக்கத்திலும் நாம் நம் பாவங்களை அறிக்கையிடுகிறோம். சிந்தனையால் செய்தவை, சொல்லால் செய்தவை, செயலால் செய்தவை என மூன்றைச் சொல்லிவிட்டு, கடமையில் தவறியதையும் நான்காவதாகச் சேர்த்துக்கொள்கிறோம். முதல் மூன்றையும் நெஞ்சைத் தொட்டு எண்ணிப் பார்ப்பவர்கள்கூட நான்காவதைக் கணக்கில் கொள்வதில்லை. செய்தது நினைவில் நிற்கும். செய்யாமல் விட்டது மறந்துபோகும். யாருக்குச் செய்யாமல் விட்டோமோ அவர் மட்டும் அதை மறப்பதில்லை.

அத்தகைய செய்யாமைகளில் ஒன்றைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம். வந்த கடிதத்திற்குப் பதில் எழுதாமை என்பது அதன் பெயர். அது மின்னஞ்சலாக இருக்கலாம், கைப்பேசியில் வந்த செய்தியாக இருக்கலாம், தபாலில் வந்த மனுவாகவும் இருக்கலாம். ஒருவர் கேட்டிருக்கிறார், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் வாய் திறக்கவில்லை. இதனை மரியாதைக் குறைவு என்றும், மறதி என்றும், வேலைப்பளு என்றும் சொல்லி நாம் எளிதாக மன்னித்துவிடுகிறோம். விளம்பரக் கடிதங்களுக்கும் வசைக் கடிதங்களுக்கும் பதில் எழுத யாரும் கடமைப்பட்டவரல்லர். ஆனால் பணம் தர வேண்டியவர், முடிவு சொல்ல வேண்டியவர், பொறுப்பில் அமர்ந்திருப்பவர் வாய் மூடிக்கொள்ளும்போது நடப்பது அநீதி. அவர் பிறருடைய நாட்களைத் திருடுகிறார். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லியாக வேண்டும்.

'மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். பெண் பார்க்கும் வீட்டில் அது உண்மையாக இருந்திருக்கலாம். பின்னலாடைத் தொழிலின் கணக்கறைகளில் அது உண்மையில்லை. அங்கே மௌனத்திற்கு ஒரே பொருள்தான் உண்டு: 'நீ காத்திரு, உன் காத்திருப்பால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை.'

ஒரு பனியனின் பாதை

திருப்பூரை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்வோம். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஒரு கடையில் தொங்கும் பனியன், நூற்பாலையிலிருந்து புறப்பட்டு நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், பவர் டேபிள், காஜா பட்டன், செக்கிங், அயனிங், பேக்கிங் எனப் பல கைகளைக் கடந்து செல்கிறது. எல்லா வேலைகளையும் ஒரே கூரையின்கீழ் செய்யும் பெரிய நிறுவனங்கள் உண்டு. ஆயினும் அவ்வூரின் தொழில் வளர்ந்தது தனித்தனிப் பட்டறைகளால். ஒருவர் முடித்ததை இன்னொருவர் வாங்கித் தொடரும் ஜாப் ஒர்க் முறையால். ஆகவே ஒவ்வொரு பட்டறையும் தனக்கு மேலிருப்பவரின் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. நிறம் சரிதானா, அளவு சரிதானா, அச்சிட்ட படம் சரிதானா என்று கேட்டு மாதிரிகள் கடல் கடந்து போகின்றன. 'சரி' என்ற ஒற்றைச் சொல் மின்னஞ்சலில் திரும்பி வர வேண்டும். அது வந்தால்தான் அடுத்த இயந்திரம் ஓடும்.

அந்தச் சொல் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். சரக்கைக் கப்பலேற்ற வேண்டிய நாள் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுவிட்டது. சாய மாதிரிக்கு மூன்று நாளில் வர வேண்டிய ஒப்புதல் பதின்மூன்றாம் நாள் வருகிறது. கப்பலின் நாள் மாறுமா? பெரும்பாலும் மாறாது. இழந்த 10 நாட்களை யாரேனும் ஈடுகட்ட வேண்டும். சாயப்பட்டறை இரவும் பகலும் ஓடுகிறது. பவர் டேபிளில் அமர்ந்திருக்கும் தையற்காரர் நள்ளிரவு வரை தைக்கிறார். பள்ளியிலிருந்து திரும்பிய அவருடைய பிள்ளை தாயின் முகத்தைக் காணாமலே உறங்கிப் போகிறது. அப்படியும் முடியாமற் போனால், கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகிறது. அந்தக் கூடுதல் கட்டணம் ஏற்றுமதியாளரின் தலையில் விழுகிறது. அல்லது தாமதத்தைக் காரணம் காட்டி விலையில் தள்ளுபடி கேட்கிறார்கள். இடையில் நூல் விலை ஏறினால் அந்தச் சுமையும் சேர்ந்துகொள்கிறது. இத்தனைக்கும் காரணமான பத்து நாள் மௌனம் மட்டும் எந்தப் பேரேட்டிலும் பதிவாவதில்லை.

2020 ஆம் ஆண்டின் கொள்ளை நோய்க் காலம் இந்த மௌனத்தின் முழு உருவத்தையும் உலகிற்குக் காட்டியது. அவ்வாண்டு மார்ச்சில் மேலைநாட்டு வணிக நிறுவனங்கள் பல, தைத்து முடித்த ஆடைகளையும் தறியிலிருந்த துணியையும் வேண்டாமென்று ஒதுக்கின. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் ஒன்று அப்போது வங்கதேச உற்பத்தியாளர்களைக் கேட்டறிந்தது. ஆர்டரை ரத்து செய்தவர்களில் ஏறத்தாழ 72 சதவீதத்தினர், ஏற்கெனவே வாங்கி வைத்த மூலப்பொருளுக்குப் பணம் தர மறுத்தார்கள். வெட்டித் தைத்த கூலிக்குப் பணம் தர மறுத்தவர்கள் ஏறத்தாழ 91 சதவீதம். திருப்பூரும் இதே அலையில் சிக்கியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது 50 சதவீத வரி விதித்தபோதும், 'பொறுத்திருங்கள்' என்ற ஒரு சொல்லோடு பல ஆர்டர்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. எத்தனை நாள் பொறுப்பது என்று கேட்டவர்களுக்கு, சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

மேலிருந்து கீழே

வெளிநாட்டுக் கொள்முதலாளரைப் பற்றித் திருப்பூர் முதலாளிகள் சொல்லும் குறைகள் நியாயமானவை. ஆனால் அந்த முதலாளிகளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் பில்லுக்குப் பதில் வரவில்லையென்று வருந்துகிறீர்களே, உங்களுக்குத் தைத்துத் தந்த பவர் டேபிள்காரரின் பில்லுக்கு நீங்கள் பதில் தந்துவிட்டீர்களா? காஜா பட்டன் போட்டவரும், அயனிங் செய்தவரும் அனுப்பிய கணக்கு உங்கள் மேசையில் எத்தனை வாரமாகக் கிடக்கிறது? 'பார்த்துச் சொல்றேனுங்க' என்பது கொங்கு நாட்டின் மரியாதை ததும்பும் வாக்கு. எத்தனையோ சிறு பட்டறைகளின் கதை அந்த வாக்கோடு முடிந்துபோயிருக்கிறது. பார்ப்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டதற்கான இரண்டு நீலக் கோடுகள் மட்டும் கைப்பேசியில் தெரிகின்றன.

பல்லடம், சோமனூர், அவிநாசி வட்டாரங்களின் விசைத்தறியாளர்களுக்கும் இது புதிதன்று. இவர்கள் ஜவுளி உற்பத்தியாளர்களிடம் பாவும் ஊடை நூலும் பெற்றுக் கூலிக்கு நெய்து தருபவர்கள். கூலியை உயர்த்தித் தருமாறு பல ஆண்டுகள் கேட்டுக் காத்திருந்தார்கள். 2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் கூலி உயர்வு அறிவிக்கப்பட்டது. அது கைக்கு வராததால் 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்தினார்கள். 2025 மார்ச்சில் மீண்டும் நிறுத்தினார்கள். தறி ஓடாத ஒவ்வொரு நாளும் அவர்கள் வீட்டில்தான் அடுப்பு எரியவில்லை. மேசைக்கு முன் உட்கார்ந்து 'முடியும்' என்றோ, 'இவ்வளவுதான் முடியும்' என்றோ உரிய காலத்தில் ஒரு பதில் கிடைத்திருந்தால் தெருவில் இறங்க வேண்டிய தேவை எவருக்கும் இருந்திருக்காது.

படியின் கடைசியில் தொழிலாளி நிற்கிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளைஞரும் இளம்பெண்ணும் அவர்களுள் உண்டு. வருங்கால வைப்பு நிதியில் தன் பெயர் தவறாக ஏறியிருக்கிறதென்று ஒருவர் எழுதிக் கொடுக்கிறார். நிலுவைக் கூலியை ஊருக்கு அனுப்பி வைக்கும்படி ஊர் திரும்பிவிட்ட ஒருவர் செய்தி அனுப்புகிறார். தமிழ் எழுதத் தெரியாத அவருக்காக வேறொருவர் எழுதித் தந்த கடிதம் அது. அதற்கு யார் பதில் தருகிறார்கள்? தணிக்கைக்காகச் சுவரில் மாட்டிய புகார்ப் பெட்டியைத் தணிக்கையாளர் வரும் நாளில் மட்டும் துடைத்து வைக்கும் இடங்களில், அந்தப் பெட்டியும் பேசாத வாய்தான்.

இந்தப் படிக்கட்டை உற்றுநோக்கினால் ஓர் உண்மை விளங்கும். மௌனம் எப்போதும் மேலிருந்து கீழேதான் இறங்குகிறது. வங்கி மேலாளரின் கடிதத்திற்குப் பதில் எழுத மறந்த முதலாளி உண்டா? வருமான வரித் துறையின் அறிவிக்கைக்கு 'நேரமில்லை' என்று சும்மா இருந்தவர் உண்டா? வெளிநாட்டுக் கொள்முதலாளர் நள்ளிரவில் கேட்டால் நள்ளிரவிலேயே பதில் போகிறது. ஆகவே நமக்கு மறதி நோய் இல்லை; நேரமும் இல்லாமலில்லை. யாருக்குப் பதில் தராவிட்டால் நமக்குத் தீங்கு வராதோ அவருக்குத்தான் நாம் பதில் தருவதில்லை. ஒரு மனிதன் யாருக்கெல்லாம் பதில் எழுதாமல் இருக்கிறான் என்ற பட்டியலைப் பார்த்தால், அவன் யாரையெல்லாம் மனிதராக எண்ணவில்லை என்பது தெரிந்துவிடும்.

சாக்குகள் மூன்று

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படும் சாக்குகளையும் எடைபோட வேண்டும்.

'நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் கடிதம் வருகிறது. எல்லாவற்றுக்கும் எழுத முடியுமா?' என்பது முதலாவது. எல்லாவற்றுக்கும் எழுதுமாறு யாரும் கேட்கவில்லை. கடன்பட்டதற்கு எழுதுங்கள் என்கிறோம். நீண்ட கடிதமும் வேண்டியதில்லை. 'முடியாது' என்ற ஒரு சொல் போதும். 'அடுத்த புதன்கிழமை சொல்கிறேன்' என்ற ஒரு வரி போதும். அந்த ஒரு வரி ஒருவருடைய இரவுத் தூக்கத்தைத் திருப்பித் தருகிறது. எழுத ஆகும் நேரத்தையும் காத்திருப்பவர் இழக்கும் நேரத்தையும் தராசின் இரு தட்டுகளில் வைத்துப் பாருங்கள்.

'பதில் வராததே பதில். புரிந்துகொள்ள வேண்டியதுதானே' என்பது இரண்டாவது. இது நாகரிகம் போலத் தோன்றும் கோழைத்தனம். மறுக்கும் உரிமை உமக்கு உண்டு. மறுத்ததற்கான பழியை ஏற்க மட்டும் உமக்கு மனமில்லை. ஆகவே மறுப்பைக் கேட்டவரே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறீர். நம் ஆண்டவரோ, ஆம் என்றால் ஆம் என்றும் இல்லை என்றால் இல்லை என்றும் சொல்லும்படி கட்டளையிட்டார் (மத் 5:37). 'இல்லை' என்பதற்கும் அவர் தம் கட்டளையில் இடம் தந்திருக்கிறார். அதைச் சொல்லாமல் விழுங்குவதற்கு இடம் தரவில்லை. 'இல்லை' என்று கேட்டவன் அன்றே வேறு வாசலைத் தட்டப் போவான். ஒன்றும் கேளாதவன் அதே வாசலில் நின்றுகொண்டிருப்பான்.

இங்கே வலியவரின் மௌனத்தோடு எளியவரின் மௌனத்தையும் பிரித்துப் பார்ப்பது நேர்மை. சொன்ன நாளில் சரக்கைத் தர முடியாத சிறு பட்டறைக்காரர் கைப்பேசியை அணைத்துவிட்டு ஒளிந்துகொள்வதுண்டு. வாடகை பாக்கி வைத்த தொழிலாளி வீட்டுக்காரரின் அழைப்பை எடுக்காமல் இருப்பதுண்டு. இவர்களை ஊமையாக்குவது அச்சம். அதுவும் குறையே, அவரை நம்பிய இன்னொருவர் அதனால் நட்டப்படுகிறார். ஆனால் அச்சத்தால் ஒளிபவரையும் அலட்சியத்தால் அமர்ந்திருப்பவரையும் ஒரே நீதியால் அளக்க முடியாது. அஞ்சியவர் பேசுவதற்குத் துணிவு பெற வேண்டுமானால், 'தாமதமாகும்' என்று அவர் சொல்லும்போது அவர்மேல் பாயாத முதலாளி வேண்டும்.

மூன்றாவது சாக்கு பக்தி வேடம் பூண்டு வருகிறது. 'இயேசுவும் மௌனம் காத்தாரே' என்கிறார்கள். ஆம், காத்தார். எங்கே, யார் முன்? ஏரோது பல கேள்விகள் கேட்டபோது ஒன்றுக்கும் விடை தரவில்லை (லூக் 23:9). அரியணையில் இருந்தவன் ஏரோது. கட்டப்பட்டு நின்றவர் இயேசு. வேடிக்கை காட்டும்படி கேட்ட அதிகாரத்தின் முன் குற்றம் சாட்டப்பட்டவர் காத்த மௌனம் அது. அதே இயேசு, தம்மைக் கன்னத்தில் அறைந்த காவலனிடம், நான் தவறாகப் பேசியிருந்தால் அதைக் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடித்தாய் என்னும் கருத்துப்பட விளக்கம் கேட்டார் (யோவா 18:23). கானானியப் பெண் கதறியபோது முதலில் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்கிறது நற்செய்தி. சீடர்கள் அவளை அனுப்பிவிடச் சொன்னார்கள். ஆனால் அவர் அவளை அனுப்பிவிடாமல் அவளோடு பேசினார், அவள் கேட்டதையும் தந்தார் (மத் 15:21-28). இறுதியில் சிலுவையில், மூச்சுவிடவும் வேதனைப்பட்ட நிலையில், அருகில் தொங்கிய குற்றவாளி கேட்டதற்கு உடனே பதில் தந்தார் (லூக் 23:43). அரசன் முன் மௌனம், கள்வனுக்கு மறுமொழி. நாமோ ஏரோதுகளுக்கு உடனுக்குடன் பதில் எழுதுகிறோம். அருகில் தொங்குபவனுக்கு வாய் திறப்பதில்லை. அவர் மௌனத்தை நாம் எடுத்துக்காட்டுவது எந்த முகத்தோடு?

பதில் கடிதங்களின் திருச்சபை

புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் 21 திருமுகங்களாக அமைந்திருக்கின்றன. கடிதம் எழுதித்தான் நம் திருச்சபை வளர்ந்தது. அவற்றுள் சில வெளிப்படையாகப் பதில் கடிதங்கள். கொரிந்து நகரத்தார் எழுதிக் கேட்டவற்றைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பவுல் விடை தருகிறார் (1 கொரி 7:1). திருமணத்தைப் பற்றி, சிலைகளுக்குப் படைத்த உணவைப் பற்றி, அருள்கொடைகளைப் பற்றி என வரிசையாகப் பதில் வருகிறது. கூடாரத் தொழில் செய்து பிழைத்துக்கொண்டு, பயணமும் சிறையும் அடியும் பட்ட அவருக்கு இல்லாத வேலைப்பளு நமக்கு வந்துவிட்டதா?

அந்தியோக்கியாவில் விருத்தசேதனம் பற்றிய பூசல் எழுந்தபோது, அங்கிருந்தவர்கள் எருசலேமுக்கு ஆளனுப்பிக் கேட்டார்கள். திருத்தூதர்களும் மூப்பர்களும் கூடி விவாதித்தார்கள். அவ்விவாதம் ஒரு பதில் கடிதமாக முடிந்தது. அதைத் தபாலில் போட்டுவிட்டு இருந்துவிடவில்லை. வாயாலும் விளக்கிச் சொல்வதற்கு யூதாவையும் சீலாவையும் உடன் அனுப்பினார்கள். கடிதத்தைப் படித்த மக்கள் மகிழ்ந்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் கூறுகிறது (திப 15:31). முதல் நூற்றாண்டின் இறுதியில் உரோமைத் திருச்சபை கொரிந்துக்கு எழுதிய கடிதம் ஒன்று நம் கைக்கு வந்திருக்கிறது. அதைத் திருத்தந்தை கிளமெந்து எழுதியதாக மரபு சொல்லும். அக்கடிதம் தொடக்கத்திலேயே, அடுத்தடுத்து நேர்ந்த துன்பங்களால் உங்கள் காரியத்தைக் கவனிக்கத் தாமதமாயிற்று என்று தெரிவிக்கிறது. துன்புறுத்தப்பட்ட ஒரு திருச்சபை, தாமதத்திற்குக் காரணம் சொல்ல வேண்டியது தன் கடமை என்று எண்ணியது. அந்த எண்ணம் நம் அலுவலகங்களில் எங்கே போயிற்று?

சட்டம் மௌனத்தை வாசிக்கும் விதம்

பதில் தராதவர், தாம் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைத்துக்கொள்கிறார். சட்டம் அப்படி நினைப்பதில்லை. மூன்று சட்டங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். குறு, சிறு நிறுவனம் ஒன்று சரக்கையோ வேலையையோ முடித்துத் தந்த 15 நாட்களுக்குள் வாங்கியவர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், தந்த நாளிலேயே அவர் அதை ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கொள்கிறது. ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேற்பட்ட தவணையை எந்த ஒப்பந்தமும் விதிக்க முடியாது. தவணை கடந்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். 2023 ஆம் ஆண்டின் நிதிச் சட்டமோ, இக்காலத்திற்குள் தராத தொகையை உண்மையில் செலுத்திய ஆண்டில்தான் செலவாகக் காட்டலாம் என்ற விதியை வருமான வரிச் சட்டத்தில் சேர்த்தது.

இரண்டாவது, 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒருவர் கேட்ட தகவலுக்கு 30 நாட்களில் அரசு அலுவலர் பதில் தர வேண்டும். உயிரையோ சுதந்திரத்தையோ பற்றியதாயின் 48 மணி நேரத்தில். பேசாமல் இருந்தால் மறுத்ததாகவே கொள்ளப்படும். காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்.

மூன்றாவது, நம் திருச்சபையின் சொந்தச் சட்டம். 1983 இல் வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 57 ஆம் எண், ஆணை ஒன்றைக் கோரி முறையாக மனுச் செய்தவருக்கு அதிகாரி 3 மாதங்களுக்குள் பதில் தர வேண்டும் என்கிறது. தராவிட்டால் மறுத்ததாகக் கொண்டு அவர் மேல்முறையீடு செய்யலாம். அதோடு நிற்கவில்லை. அவ்வாறு மறுத்ததாகக் கொள்ளப்பட்டாலும், ஆணை பிறப்பிக்கும் கடமையிலிருந்தும், நேர்ந்த தீங்கை ஈடுசெய்யும் கடமையிலிருந்தும் அதிகாரி விடுபடுவதில்லை என்று அச்சட்டம் அழுத்திச் சொல்கிறது.

ஒரு சட்டம் மௌனத்தை ஏற்பு என்கிறது; மற்ற இரண்டும் மறுப்பு என்கின்றன. மூன்றுமே அதை வெறுமை என்று சொல்லவில்லை. மௌனம் ஒரு செயல். அதற்குரிய விளைவைச் செய்தவரே ஏற்க வேண்டும் என்பதில் மூன்றும் ஒன்றுபடுகின்றன.

உரிய காலத்தில் மேசையில் தராத பதிலைப் பின்னர் நீதிமன்றத்தில் தர வேண்டிவரும் என்பதற்கு நொய்யல் ஆறே சான்று. சாயக்கழிவு கலந்த நீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்கென்று கட்டிய அணையே உழவர்களுக்குப் பகையாயிற்று. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் 2003 இல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறக் கூடாது என்னும் நிலையை எட்டுமாறு 2006 இல் ஆணை வந்தது. உச்ச நீதிமன்றம் 2009 இல் அவகாசத்தோடு அப்பொறுப்பை உறுதிசெய்தது. நிறைவேறாதபோது 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறைகள் மூடியபோது வேலையிழந்தவர்களில், அந்த ஆற்றைக் கெடுக்கும் முடிவை எடுக்காத எளிய தொழிலாளிகளே மிகுதி. உழவர் கேட்ட கேள்விக்குத் தொழில் தானாகவே காலத்தில் விடை தந்திருந்தால் இந்த விலை கொடுக்க நேர்ந்திராது.

நம் வீட்டு வாசலில்

இதுவரை பிறரைச் சுட்டினோம். இனி நம் வீட்டைப் பார்ப்போம். பங்கு அலுவலகத்திற்கு, மறைமாவட்ட அலுவலகத்திற்கு, நம் பள்ளிக்கு, நம் மருத்துவமனைக்குப் பொதுநிலையினர் எழுதும் கடிதங்கள் என்னவாகின்றன? வேலை தேடி ஊர்விட்டு வந்து திருப்பூரில் குடியேறிய குடும்பம், திருமணத்திற்காகப் பிறந்த ஊர்ப் பங்கிலிருந்து திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு எழுதுகிறது. கல்லூரிக் கட்டணச் சலுகை கேட்டு ஒரு விதவைத் தாய் எழுதுகிறாள். பங்கின் வரவுசெலவுக் கணக்கை விளக்குமாறு ஒருவர் பணிவோடு கேட்கிறார். இவர்களுள் எத்தனை பேருக்கு எழுத்தில் பதில் கிடைக்கிறது? தங்கள் தேவைகளையும் விருப்பங்களையும் ஆயர்களுக்குத் தெரிவிக்க இறைமக்களுக்கு உரிமை உண்டு என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 212 ஆம் எண். தெரிவிக்கும் உரிமையை வழங்கிவிட்டுக் கேட்கும் காதை மூடிக்கொண்டால் அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காய்.

குருக்களை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. அன்பியக் கூட்டங்களில் முன்வரிசையில் அமர்பவர்களும், திருவிழாவுக்கு நன்கொடை தருபவர்களுமான நம்மவர்களே பனியன் கம்பெனிகளின் உரிமையாளர்களாகவும் மேலாளர்களாகவும் கணக்கர்களாகவும் இருக்கிறோம். கொடிமரத்திற்குத் தந்த தொகை கல்வெட்டில் இருக்கிறது. தையற்காரரின் கணக்கு மேசை இழுப்பறையில் இருக்கிறது. கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எச்சரித்தது (யாக் 5:4) இந்த இழுப்பறையைப் பற்றித்தான். 1891 இல் திருத்தந்தை 13 ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்துச் சுற்றுமடல் எழுதினார். அதைப் போற்றிக் கருத்தரங்கம் நடத்துவதோடு நம் கடன் தீர்ந்துவிடுமா?

இனிச் செய்ய வேண்டுவது

பதில் தராதவரிடம் எப்படி நடந்துகொள்வது? குற்றம் செய்த சகோதரனைத் திருத்த ஆண்டவர் தந்த ஒழுங்கே (மத் 18:15-17) இதற்கும் வழிகாட்டும். முதலில் தனியாகச் செல்லுங்கள்: ஒரு கடிதத்தில் ஒரே காரியத்தை, தெளிவாக, என்ன வேண்டும் என்றும் எந்த நாளுக்குள் வேண்டும் என்றும் எழுதுங்கள். வசை வேண்டாம், குழைவும் வேண்டாம். அதற்கும் பதிலில்லையேல், ஓரிருவரைச் சாட்சியாகக் கொள்ளுங்கள்: அடுத்த கடிதத்தைப் பெற்றதற்குச் சான்று கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புங்கள், பெற்றவர் கையொப்பமே சாட்சி. அதற்கும் செவிசாய்க்காவிட்டால் சபையில் சொல்லுங்கள்: சிறு தொழில் செய்வோருக்குச் சட்டம் அமைத்த வசதியாக்க மன்றம் இருக்கிறது, இணையதளம் வழியாகவே அங்கு முறையிடலாம், உத்யம் பதிவை முன்னரே செய்து வைத்திருப்பது நலம். தனியொருவராக அஞ்சுபவர்கள் சங்கமாகச் செல்லலாம். நேர்மையற்ற நடுவனை நச்சரித்து நீதி பெற்ற கைம்பெண்ணை (லூக் 18:1-8) மன்றாட்டின் முன்மாதிரியாக மட்டும் காட்டிவந்திருக்கிறோம். உரிமை கேட்டு மீண்டும் மீண்டும் கதவைத் தட்டியவளாகவும் அவளைப் பார்க்க வேண்டும்.

பதில் தர வேண்டியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆம், இல்லை, இன்ன நாளில் சொல்கிறேன் என்ற மூன்றில் ஒன்றை ஒரு வாரத்திற்குள் எழுதுங்கள். நம் பங்குகளும் நிறுவனங்களும் இதை எழுதப்பட்ட விதியாகவே ஏற்று, வந்த கடிதங்களுக்கும் தந்த பதில்களுக்கும் ஒரு பதிவேடு வைத்து, ஆண்டுக்கொருமுறை பங்குப்பேரவையின் முன் வைக்கட்டும். இதற்குப் பணம் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

ஏழைக் கூலியாளின் கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிடு, அவன் உயிர் அதில் இருக்கிறது என்ற கருத்தில் இணைச்சட்டம் கட்டளையிடுகிறது (இச 24:15). காத்திருப்பவனுக்குப் பதிலும் கூலி போன்றதே. இன்று மாலை கதிரவன் மறைவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. இழுப்பறையைத் திறந்து, அடியில் கிடக்கும் கடிதத்தை முதலில் எடுங்கள்.